பழைய மினி டிராக்டருக்குப் பின் டயர்: புதுசா, ரீட்ரெடா, செகண்ட் ஹேண்டா?

தென்னந்தோப்பில் ஓடும் எங்கள் யுவராஜ் 215-க்குப் பின் டயர் இரண்டும் முடிந்துவிட்டன. 15 குதிரைத்திறன் வண்டி, டயர் அளவு முன்னால் 5.20-14, பின்னால் 8.00-18. மழை பெய்த மறுநாள் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரை இறக்கினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி தோண்டுகிறது. பட்டன், அதாவது மண்ணைப் பிடிக்கும் ரப்பர் மேடு, நடுவில் வழவழவென்று இருக்கிறது, ஓரத்தில்தான் கொஞ்சம் மிச்சம். காற்றைக் கூடுதலாக அடித்துத் தார் ரோட்டில் டிரெய்லர் இழுத்ததற்கு அதுதான் அடையாளம்.

செகண்ட் ஹேண்டை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். கடையில் காட்டிய டயரில் பட்டன் முக்கால்வாசி இருந்தது, கறுப்பு பாலிஷில் பளபளத்தது. பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்தி வளைத்தேன். தலைமுடி போல மெல்லிய வெடிப்புகள் வரிசையாக வாய் திறந்தன. ஓரத்தில் அச்சாகியிருந்த நான்கு இலக்கம் 1114, அதாவது 2014-ன் பதினோராவது வாரம் செய்தது. வெயிலில் கிடந்த ரப்பருக்கு உழைப்பே வேண்டாம், வயதே போதும். பட்டனைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன்: தேதியையும் பக்கவாட்டையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

உண்மையான போட்டி புதுசுக்கும் ரீட்ரெடுக்கும்தான். ரீட்ரெடில் பழைய ரப்பரைச் சீவி, புது ரப்பரை ஏற்றி, அச்சில் வைத்துச் சூட்டில் வேகவைக்கிறார்கள். எங்கள் பக்கம் புது டயர் விலையில் பாதிகூட ஆகாது. தோப்புக்குள் மெதுவாகவே ஓடும் வண்டிக்கு அது தாங்கும், ஆனால் ரப்பருக்குள் இருக்கும் நூல் அடுக்கு (கேன்வாஸ்) நன்றாக இருந்தால் மட்டுமே. கேன்வாஸ் வெளியே தெரிந்தாலோ, பக்கவாட்டில் வெட்டு இருந்தாலோ, உள்பக்கம் தடவும்போது புடைப்பு தட்டுப்பட்டாலோ அந்த டயரில் ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது. எங்களுடையதில் ஒன்று தேறியது. இன்னொன்றில் மட்டைக் கட்டை குத்தி நூல் அறுந்திருந்தது.

ஒன்றை ரீட்ரெட், ஒன்றைப் புதுசு என்று கலக்கலாமா? வேண்டாம். உயரம் சற்று மாறினாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், இரண்டு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல், நேராகப் போகும்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும். ஜோடியாகப் புதுசு வாங்கினேன். இரண்டும் தேறியிருந்தால் தயங்காமல் ரீட்ரெட் போட்டிருப்பேன். முன் டயரில் இந்த யோசனையே கூடாது. ஸ்டியரிங் அதன் மேல் நிற்கிறது, விலையும் குறைவு, புதுசே போடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ரிம்மைப் பார்க்காமல் மாட்டாதீர்கள். பிடிமானத்துக்காக நாங்கள் டியூபில் தண்ணீர் நிரப்பியிருந்தோம். வால்வு ஓரம் கசிந்த நீரில் ரிம் மரப்பட்டை போல உரிந்து வந்தது. அதைச் சுரண்டி, பிரைமர் அடித்து, டியூபும் புதுசாகப் போட்டோம். மறுபடி தண்ணீர் ஏற்றும்போது வால்வு உச்சியில் இருக்கட்டும், முக்கால் பாகத்தோடு நின்றுவிடும், மீதிக்குக் காற்று. வயலில் காற்றழுத்தம் 12 முதல் 16 பி.எஸ்.ஐ. போதும். மாட்டி முடித்ததும் வண்டிக்குப் பின்னால் நின்று பாருங்கள்: பட்டன்கள் V போலச் சேரும் கூர்முனை மேல்நோக்கி இருக்க வேண்டும். கவிழ்ந்திருந்தால் புது டயரும் சேற்றில் வழுக்கும், அங்கேயே கழற்றி மாற்றச் சொல்லுங்கள்.