ஆறு மாதமாக என் மேசையில் ஒரு பிரெஞ்சு பிரஸ்

காலையில் பால் சேர்க்காத காபி ஒன்று, மாலை நாலு மணிக்குத் தேநீர் ஒன்று. அதற்கு மேல் போனால் எனக்கு ராத்தூக்கம் கெட்டுவிடும். இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் 350 மில்லி பிடிக்கும் கண்ணாடி பிரெஞ்சு பிரஸ் வாங்கினேன். தூளை வெந்நீரில் ஊறவைத்து, மூடியோடு இருக்கும் வலையைக் கீழே அழுத்தி வடிக்கும் குடுவை அது.

முதல் வாரம் காபி படு கசப்பு, கோப்பையின் அடியில் சேறு மாதிரி வண்டல். தப்பு பாத்திரத்தில் இல்லை, தூளில். நைசாக அரைத்த தூள் வலை வழியாக இறங்கிவிடுகிறது, கசப்பும் அதிகம் ஊறிவிடுகிறது. கொரகொரப்பாக அரைத்ததும் சரியானது. இப்போது என் கணக்கு 18 கிராம் தூள், 300 மில்லி தண்ணீர். கொதித்த தண்ணீரை அரை நிமிடம் ஆறவிட்டு ஊற்றி, 4 நிமிடம் ஊறவைக்கிறேன். அழுத்தியதும் கோப்பைக்கு மாற்றிவிட வேண்டும். உள்ளேயே விட்டால் மறுபடி கசப்புதான்.

காகித வடிகட்டி இல்லாததால் காபியின் எண்ணெய் அப்படியே வருகிறது. நாக்கில் நிற்கும் அந்தக் கனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் கொலஸ்ட்ராலைக் கூட்டும் கஃபெஸ்டால் இருப்பதும் அந்த எண்ணெயில்தான். ஏற்கெனவே கொலஸ்ட்ரால் தொல்லை உள்ளவர்கள் யோசித்து வாங்குங்கள்.

தேநீருக்கு? சரிப்படவில்லை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் வலையில் காபி வாசம் போகவில்லை. பச்சைத் தேயிலை போட்ட அன்று அது அப்பட்டமாகத் தெரிந்தது. மாலைக்குப் பழைய வடிகட்டியே போதும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம், கண்ணாடியில் சூடு நிற்பதில்லை. முதலில் வெந்நீர் ஊற்றி அலசிக்கொள்கிறேன், கொஞ்சம் பரவாயில்லை.