பின்னாடி வைப்பர் மோட்டாரை மாத்திட்டோம்னு 5,400 ரூபா வாங்கினாங்க, மாத்தவே இல்ல, உஷார் மக்களே

கொஞ்சம் நீளமான பதிவுதான், ஆனா பின் கண்ணாடியில வைப்பர் இருக்கிற கார் வச்சிருக்கவங்க படிச்சிடுங்க. கடை பேரைக் கேக்காதீங்க, என் காசுல பாதி இன்னும் அவங்ககிட்டதான் இருக்கு.

என்னோடது 2014 மாடல் ஹேட்ச்பேக். சென்னை மடிப்பாக்கத்துல வீட்டு வாசல்ல வெட்டவெளியிலதான் நிக்கும், ஷெட்டு கிடையாது. பின்னாடி வைப்பரை நம்ம ஊர்ல வருஷத்துக்குப் பத்து நாள் போட்டாலே ஜாஸ்தி, அப்படி ஓடாம கெடக்கிறதுதான் அதுக்கு எமனே. 2024 அக்டோபர்ல மழை வருதுன்னு எல்லாரும் வேளச்சேரி மேம்பாலத்து மேல காரைக் கொண்டுபோய் நிறுத்தினாங்களே, நானும் அந்தக் கும்பல்ல ஒருத்தன். மறுநாள் வண்டியை எடுக்கப் போய், ரிவர்ஸ் போடும்போது பின்னாடி ஒண்ணும் தெரியலைன்னு சுவிட்சைத் திருப்பினா டிக்கி கதவுக்குள்ளேர்ந்து "ம்ம்ம்"னு ஒரு முனகல், பிளேடு ஒரு இஞ்ச் கூட நகரல, ரெண்டாவது தடவை திருப்பினப்போ அந்த முனகலும் இல்ல.

வீட்டுப் பக்கத்துல இருக்கிற ஒர்க் ஷாப்புலதான் விட்டேன், நாலு வருஷமா சர்வீஸ் அங்கதான். முதல்ல வயரிங் கட்னு சொன்னாங்க, டிக்கி கதவுக்குப் போற வயர் ஒரு ரப்பர் குழாய் வழியா போகும், திறந்து மூடி திறந்து மூடி அது உள்ள ஒடையும், அதனால நானும் நம்பிட்டேன். சாயங்காலம் போன் வருது, "சார், வயரிங் இல்ல, மோட்டார் ஜாம், இது சீல்டு யூனிட், ரிப்பேர்லாம் ஆகாது, புதுசுதான் போடணும்". மோட்டார் 4,600, லேபர் 800. சரிப்பா போடுன்னேன். வண்டி எடுக்கும்போது பழைய மோட்டார் எங்கன்னு கேட்டதுக்கு "அது எக்ஸ்சேஞ்சுல போயிடும் சார்"னு ஓனரே சொன்னாரு. அப்பவே எனக்கு உறுத்துச்சு, வைப்பர் மோட்டாருக்கு என்னய்யா எக்ஸ்சேஞ்சு, பேட்டரியா இது? ஆனா ஆபீஸ் அவசரம், வைப்பர் சூப்பரா ஓடுது, பில்லுனு ஒரு துண்டுச் சீட்டுல பேனாவுல எழுதிக் குடுத்தாங்க, ஜிஎஸ்டி நம்பர் இல்ல ஒண்ணும் இல்ல, வாங்கிப் பாக்கெட்ல வச்சுட்டு வந்துட்டேன். ஆறு மாசம் வாரண்டின்னாங்க.

ஏழாவது மாசம், மே மாசக் கோடை மழையில, மறுபடியும் அதே முனகல். இந்தத் தடவை முனகல் நிக்கல. மழைச் சத்தத்துல அது அமுங்கிப்போக நான் சுவிட்சை ஆஃப் பண்ண மறந்துட்டேன், பின் சீட்ல இருந்த பொண்ணு "அப்பா ஏதோ கருகுற வாசனை"ன்னா. வண்டியை ஓரம் கட்டி டிக்கி கதவுல கை வச்சா உள்பக்க பிளாஸ்டிக் நல்லா சூடு.

இதுக்கப்புறம் அந்தக் கடைக்குப் போக மனசு வரல. என் வொய்ஃபோட தம்பி அம்பத்தூர் எஸ்டேட்ல லேத்துல வேலை பாக்குறான், ஞாயித்துக்கிழமை கறி சாப்பிடக் கூப்பிட்டு அவன் கையில ஸ்பானரைக் குடுத்துட்டேன். வைப்பர் ஆர்ம் மேல இருக்கிற மூடியைத் தூக்கினா கீழ 10 நம்பர் நட்டு, அதைக் கழட்டியும் ஆர்ம் வரல, சுடுதண்ணி ஊத்தி மெதுவா ஆட்டி ஆட்டித்தான் வந்துச்சு. உள்பக்கம் டிரிம்மை இழுத்தா கிளிப்பெல்லாம் பட் பட்டுனு விடுது, அதுல ரெண்டு ஏற்கனவே ஒடைஞ்சு கெடக்கு. மோட்டாரைப் பிடிக்கிற போல்ட் மூணு இருக்கணும், ரெண்டுதான் இருந்துச்சு.

மோட்டார் வெளிய வந்ததும் பளபளன்னு கறுப்பா புதுசு மாதிரிதான் இருந்துச்சு. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "மாமா, கம்பெனிக்காரன் வயருக்கும் சேத்தா பெயின்ட் அடிப்பான்?"னான். பாத்தா வயர் மேல, கனெக்டர் லாக்கு மேல எல்லாம் கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட் தெறிச்சிருக்கு. பக்கத்துல ஸ்டிக்கர் மாதிரி ஒரு இடம் லேசா மேடா இருந்துச்சு. பழைய துணியில தின்னர் தொட்டுத் தேச்சோம், கறுப்பு கரைஞ்சு வந்துச்சு, அடியில ஸ்டிக்கர்ல பார்ட் நம்பரு, அதுக்குக் கீழ 2014. என் மோட்டாரேதான். பத்து வருஷமா என் டிக்கியில இருந்த அதே மோட்டாருக்கு நான் 4,600 குடுத்து வாங்கியிருக்கேன்!

அவங்க பண்ணது இவ்வளவுதான். ஷாஃப்ட்டைக் கட்டிங் பிளேயர்ல புடிச்சு முறுக்கியிருக்காங்க, பல்லுத் தடம் அப்படியே இருக்கு. மேல துருப்பிடிச்ச நட்டு லூஸ் பண்ண அடிக்கிற ஸ்ப்ரேயை அடிச்சு ஓட விட்டுட்டாங்க. அந்த ஸ்ப்ரே இறுகினதை இளக்கும், ஆனா கிரீஸ் மாதிரி நின்னு காப்பாத்தாது, காஞ்சுபோனா பழையபடி இறுகிடும்.

இது ஏன் ஜாம் ஆகுதுன்னா, மோட்டாரோட ஷாஃப்ட் ஸ்டீலு, அது சுத்துற குழாய் அலுமினியம் மாதிரி ஒரு அலாய். ஷாஃப்ட் வெளிய வர்ற இடத்துல இருக்கிற ரப்பர் சீல் வெயில்ல காஞ்சு வெடிச்சதும் மழைத்தண்ணி உள்ள இறங்குது. ஸ்டீல்ல துரு, அலாய்ல வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி பொடி, ரெண்டும் உப்பி ஷாஃப்ட்டைக் கவ்விக்கும். தினமும் ஓடினா இவ்வளவு சீக்கிரம் கவ்வாது. பெரும்பாலும் மோட்டார் நல்லாவே இருக்கும், ஷாஃப்ட்டுதான் மாட்டிக்கிட்டிருக்கும்.

மச்சான் மோட்டார் கவரைக் கழட்டி, ஷாஃப்ட்ல இருந்த லாக்கை எடுத்துட்டு, எண்ணெயில ராத்திரி முழுக்க ஊற வச்சான். மறையில அடி படாம இருக்க நட்டை நுனி வரைக்கும் திருப்பி விட்டு, மரக்கட்டை வச்சு சின்ன சுத்தியால தட்டினான், பத்துப் பன்னெண்டு தட்டுல கழண்டு வந்துச்சு. உள்ள வெள்ளைப் பொடி ஒரு ஸ்பூன் இருக்கும். நைஸ் உப்புத்தாள் போட்டுத் தேச்சு, புது ஓ ரிங் (தண்ணி புகாம தடுக்கிற ரப்பர் வளையம்), கிரீஸ், அவ்வளவுதான். திரும்ப மாட்டும்போது ஆர்மைப் போடறதுக்கு முன்னாடி சும்மா ஒரு தடவை மோட்டாரை ஓட விட்டு அது தானா நிக்கிற இடத்துல நின்னதும் அப்புறமா ஆர்மை மாட்டணும், இல்லன்னா பிளேடு கண்ணாடி நடுவுல போய் நிக்கும். செலவு மொத்தம் 140 ரூபா, ஒரு கிலோ மட்டன் தனி.

என்னைத் தூங்க விடாம பண்ணது மோட்டார் இல்ல, ஃப்யூஸ். கருகுற வாசனை ஏன் வந்துச்சுன்னு ஃப்யூஸ் பாக்ஸைத் திறந்தான். மூடியில பின் வைப்பருக்கு 10 ஆம்ப்னு போட்டிருக்கு, 10 ஆம்ப்னா சிவப்புக் கலர். அங்க மஞ்சள் உக்காந்திருக்கு, மஞ்சள்னா 20. ஜாம் ஆன மோட்டார் கரண்டை இழுத்து ஃப்யூஸ் போகக்கூடாதுன்னு பெருசா சொருகிட்டாங்க. ஃப்யூஸ் போறதே வயரைக் காப்பாத்தத்தானே, அது போகலன்னா மோட்டார் சூடாகும், வயர் சூடாகும், என் பொண்ணு தலைக்குப் பின்னாடி. ஏமாத்திக் காசு வாங்கினதைக் கூட மன்னிச்சிடுவேன், இதை முடியாது. உங்க வண்டி எலெக்ட்ரிக்கல் வேலைக்குப் போய் வந்திருந்தா இன்னைக்கே ஃப்யூஸ் பாக்ஸ் மூடியில இருக்கிற படத்தோட கலரை ஒத்துப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. புது பார்ட் போடுறேன்னா அதோட டப்பாவையும் பழைய பார்ட்டையும் கையில வாங்காம காசு எடுக்காதீங்க, நான் எடுத்துட்டுத்தான் இங்க புலம்பிட்டிருக்கேன்.

தின்னர் துணி, மஞ்சள் ஃப்யூஸ், போட்டோ எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனேன். ஓனர் முதல்ல "பையன் பண்ணிட்டான் சார், அவன் இப்ப வேலையில இல்ல"ன்னாரு. அந்தப் பையன் அவருக்குப் பின்னாடியே ஒரு பம்பரைத் தூக்கிக்கிட்டு நடந்து போறான். துண்டுச் சீட்டை மேஜையில வச்சு, 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைனுக்கு அங்கேயே போன் போடட்டுமான்னு கேட்டதும் குரல் இறங்கிடுச்சு, டீ வந்துச்சு, 2,500 ரூபா ஜிபேல வந்துச்சு. மீதி 2,900ஐக் கேட்டா "அடுத்த சர்வீஸ்ல கழிச்சுக்கலாம் சார்"ங்குறாரு.