பல்லாவரம் முதல் மாடம்பாக்கம் வரை ஒரு மரபு நடை

தாம்பரம் மாநகராட்சிப் பகுதியின் வரலாற்றைக் காட்டுவதாக ஒரு குழு அறிவித்திருந்த மரபு நடைக்கு, மதிய உணவும் வேன் கட்டணமும் சேர்த்து 900 ரூபாய் செலுத்தி, விடுமுறை நாளான ஒரு வெள்ளிக்கிழமையன்று சென்றிருந்தேன். காலைப் பகுதி கொடுத்த பணத்துக்குத் தகும். பிற்பகலைப் பற்றி அவ்வாறு சொல்வதற்கில்லை.

பல்லாவரத்திலிருந்து தொடங்கியது பொருத்தமானது. 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் இங்குதான், படைத் திடலை ஒட்டிய சரளைக்கல் குழியில், பழங்கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கே அது தொடக்கப்புள்ளி எனலாம். வழிகாட்டி ஒரு கைக்கோடரியின் மாதிரியை எங்களிடம் தந்து, பிடிக்கும் பக்கம் எது, வெட்டும் விளிம்பு எது என்பதை நாங்களே கண்டறியுமாறு விட்டுவிட்டார். கட்டைவிரல் தானாகவே ஒரு பள்ளத்தில் சென்று அமர்ந்தபோது விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. மகேந்திரவர்மனின் விருதுப் பெயர்கள் பொறிக்கப்பட்ட குடைவரை இன்று தர்காவாக விளங்குவதையும் அவர் மிகைப்படுத்தாமல், அங்கு வழிபடுவோருக்கு இடையூறு நேராமல் எடுத்துரைத்தார்.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை கூடும் நாள் என்பதை மட்டும் ஏற்பாட்டாளர்கள் மறந்துவிட்டனர். நெரிசலில் வேன் முக்கால் மணி நேரம் நகரவில்லை. சந்தையையாவது இறங்கிப் பார்க்கவிட்டிருக்கலாம், அதுவும் நடக்கவில்லை. இழந்த நேரத்தை ஈடுகட்ட, மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலின் தூங்கானை மாட விமானத்தை, அதாவது படுத்திருக்கும் யானையின் பின்புற வடிவில் அமைந்த கருவறைக் கட்டடத்தை, சுற்றிவர எங்களுக்குப் பத்து நிமிடமே கிடைத்தது.

அதைவிடப் பெரிய குறை, மாநகராட்சியைப் பற்றியே ஏறக்குறைய எதுவும் சொல்லப்படாதது. 2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டன என்ற ஒரே வாக்கியத்துடன் அது முடிந்துவிட்டது. பெருங்களத்தூர், பீர்க்கன்காரணைப் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாற்றை நோக்கிச் செல்ல, சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் நீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறது. இரு வேறு வடிகால்களைக் கொண்ட ஊர்களை ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்ததன் பொருளை, ஒரு நிலவரைபடத்தை விரித்து வைத்திருந்தாலே விளக்கியிருக்க முடியும். 1931இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்த பிறகு இருப்புப்பாதையோரக் கிராமங்கள் புறநகர்களாக மாறிய கதையும் விடுபட்டுப் போயிற்று.

வழிகாட்டிக்காக மீண்டும் செல்லலாம் என்றே நினைத்திருந்தேன். அடுத்த நடையையும் வெள்ளிக்கிழமைக்கே அறிவித்திருக்கிறார்கள்.