94 என்ற எண் சொன்ன சேதி: 500 எம்பிபிஎஸ் இணைப்பும் எங்கள் வீட்டு வைஃபையும், மூன்றாண்டு அனுபவம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு இணைய இணைப்பை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 500க்கு உயர்த்தினேன். மனைவிக்கும் எனக்கும் வீட்டிலிருந்தே வேலை, மகளுக்கு இணையவழி வகுப்பு. மூவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் யாராவது ஒருவரின் குரல் அறுந்துபோகும். திட்டம் மாறிய அன்று மாலை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்று கைப்பேசியில் வேகத்தைச் சோதித்தேன்: 94. படுக்கையறை மடிக்கணினியில் 31. மறுநாளும் அதே 94, படுக்கையறையில் 31ஐ ஒட்டியே. மூன்றாம் நாளும் 94 மாறவில்லை.

சேவை நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எங்கள் பக்கம் 500 சரியாக வருகிறது, உங்கள் ரவுட்டரைப் பாருங்கள்" என்றார்கள். ரவுட்டர் ஐந்து வருடப் பழையது என்பதால் அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வைஃபை 6 தரத்தில் புதியதொன்று வாங்கி மாட்டினேன். கைப்பேசியில் மறுபடியும் 94.

அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. காற்றில் வரும் வேகம் ஒரே இடத்தில் நிற்காது. கதவைச் சாத்தினால் குறையும், கையைத் திருப்பினால் கூடும். 180, 210, 165 என்று ஆடிக்கொண்டே இருக்கும். ரவுட்டரை மாற்றிய பிறகும் ஆணி அடித்ததுபோல் ஓர் எண் நிற்கிறதென்றால், அதை நிறுத்துவது காற்று அல்ல, கம்பி. வேகச் சோதனை காட்டும் எண்ணை மதிப்பெண்ணாகப் பார்த்துக் கோபப்படாமல் தடயமாகப் பார்க்க வேண்டும். எத்தனை குறைகிறது என்பதைவிட எந்த எண்ணில் நிற்கிறது என்பதே கேள்வி. இந்த மூன்று ஆண்டுகளில் எனக்கு மிகுதியாகப் பயன்பட்ட பாடம் இதுதான்.

94 எங்கிருந்து வருகிறது? ஃபாஸ்ட் ஈதர்நெட் என்ற பழைய கம்பித் தரத்தின் உச்சம் 100 எம்பிபிஎஸ். தரவுப் பொட்டலங்களின் முகவரி முதலியவற்றுக்கான இடம் போக நமக்குக் கிடைப்பது 94 அல்லது 95. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு போதும். கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், வேகத்துக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலும் பல கருவிகள் பிழை எதையும் காட்டாமல் 100க்கு இறங்கி வேலையைத் தொடர்ந்துவிடும். இணைய விளக்கு எரிகிறது, பக்கங்கள் திறக்கின்றன, யாருக்கும் சந்தேகம் வராது.

மடிக்கணினியை, இணைய இணைப்பு வீட்டுக்குள் வந்து சேரும் ஃபைபர் பெட்டியில் வேறொரு கேபிளால் நேரடியாகச் செருகிப் பார்த்தேன்: 496. ஆக, குறை அந்தப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவே இருந்த ஒன்றரை மீட்டர் கேபிளில். அலமாரிக்குப் பின்னால் மடங்கி நசுங்கிக் கிடந்தது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இணைய போர்ட்டின் நிலை 100 என்றே எழுதியிருந்தது. முதல் நாளே அதைப் பார்த்திருந்தால் புதிய ரவுட்டர் அப்போது தேவைப்பட்டிருக்காது. கேட்-5இ கேபிள் ஒன்றை மாற்றியதும் அது 1000 ஆனது. கைப்பேசி 470ஐத் தொட்டது.

இங்கே ஒரு சிறு விளக்கம், பலரும் கேட்பதால். 500 எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். கோப்பு இறங்கும்போது கணினி காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் எட்டால் வகுத்தால் 62.5தான் வரும். அது குறை அல்ல.

படுக்கையறையின் 31 மட்டும் உயரவில்லை. மடிக்கணினியின் வைஃபை விவரத்தைத் திறந்தால் இணைப்பு வேகம் 72 என்றிருந்தது. இதுவும் தடயம்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், ஒற்றை ஆன்டெனாவுடன் வைஃபை 4 என்ற பழைய தலைமுறை முறையில் இணைந்தால் வரும் எண் 72. வைஃபையில் ஒரு சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரு பகுதியில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால், உண்மையில் கையில் கிடைப்பது ஏறக்குறைய அதில் பாதிதான். ரவுட்டரின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தேன். 2.4இன் சமிக்ஞை சுவரை எளிதாகத் தாண்டுவதால் கோடுகள் முழுதாகத் தெரியும். மடிக்கணினி அதையே பிடித்துக்கொண்டு விடவில்லை. கோடுகள் நிறைந்திருப்பது வேகத்துக்குச் சான்று அல்ல.

5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுத்து இணைத்தேன். சமிக்ஞை மைனஸ் 76 டிபிஎம். இந்த அளவு பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது: மைனஸ் 50 அருமை, மைனஸ் 67 வரை காணொளி அழைப்புக்குக் கவலையில்லை, மைனஸ் 75க்குக் கீழே போனால் தடுமாற்றம். ஒவ்வொரு பத்து எண்ணுக்கும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது என்பதை நினைவில் வைத்தால், சிறிய மாற்றம்கூட ஏன் அவ்வளவு பெரிய பலன் தருகிறது என்பது புரியும்.

எங்கள் ரவுட்டர் தொலைக்காட்சிக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்குள் இருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று வைத்த இடம். உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும். நிலைக்கண்ணாடியின் பூச்சும் அப்படியே. இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் சுவர் பெரும்பகுதியை விழுங்கிவிடும். நீளமான கேபிள் போட்டு, கூடத்தின் நடுச்சுவரில், தலைக்கு மேல் உயரத்தில், திறந்த பலகையில் வைத்தேன். ஆன்டெனாக்களை நிமிர்த்தினேன், அலை அவற்றின் நுனியிலிருந்து அல்ல, பக்கவாட்டில்தான் பரவுகிறது. படுக்கையறையில் சமிக்ஞை மைனஸ் 61 ஆயிற்று. வேகம் 31இலிருந்து 210. இதற்காக நான் வாங்கியது ஒரு கேபிள் மட்டுமே. யார் கேட்டாலும் முதலில் ரவுட்டரை வெளியே எடுத்து வையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

210 ஏன் 500 ஆகவில்லை என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. அந்த மடிக்கணினி வைஃபை 5 காலத்தது, ஒற்றை ஆன்டெனா; 5 கிகாஹெர்ட்ஸில் அதன் இணைப்பு வேகமே அதிகபட்சம் 433. ரவுட்டரின் மடியில் வைத்தாலும் 300ஐ எட்டுவது கடினம். ரவுட்டர் எவ்வளவு புதியதானாலும் இணைப்பின் மறுமுனை நம் கருவிதான். ரவுட்டர் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் பெரிய எண் எல்லா அலைவரிசைகளின் உச்சத்தையும் கூட்டிப் போட்டது. ஒரு கருவிக்கு அது ஒருநாளும் கிடைக்காது.

மாடி அறைக்கு முதலில், வைஃபை சமிக்ஞையைப் பெற்றுத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வைத்தேன். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: கேபிள் போட வழியே இல்லாத வீட்டில் மட்டும் அதை வாங்குங்கள். சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் பெற்று அதிலேயே திருப்பி அனுப்புவதால், ஒவ்வொரு பொட்டலமும் காற்றில் இருமுறை பயணிக்கிறது. வேகம் பாதியாகும், தாமதம் கூடும். மாடியில் 60ஐத் தாண்டவில்லை. எட்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, படிக்கட்டு ஓரமாக 20 மீட்டர் கேபிள் இழுத்து, கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் அக்செஸ் பாயிண்ட் ஒன்றை மேலே பொருத்தினேன். கீழே ஒரு சேனல், மேலே வேறொன்று. மாடியில் அன்றிலிருந்து போன மாதம் வரை 400க்குக் குறையவில்லை. இந்த மூன்று ஆண்டுகளில் செய்தவற்றில் மிகச் சிறந்த வேலை அதுதான்.

2.4 கிகாஹெர்ட்ஸில் இப்போது எங்கள் பிரிண்டரும் விளக்குகளும் மட்டும் இருக்கின்றன. அங்கே ஒன்றன்மேல் ஒன்று படியாமல் நிற்பவை 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான். அக்கம்பக்கத்து ரவுட்டர்களைக் காட்டும் செயலியில் பார்த்து நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுத்தேன். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே நிறுத்தினேன். ஒரு புதிர் மட்டும் சில வாரம் தொல்லை தந்தது. ரவுட்டரின் யுஎஸ்பி 3 போர்ட்டில் வன்தட்டை மாட்டும்போதெல்லாம் பிரிண்டர் இணைப்பை இழந்தது. யுஎஸ்பி 3 கிளப்பும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் மீதே விழுகிறது. நல்ல கவசமுள்ள நீண்ட கேபிளால் வன்தட்டைத் தள்ளி வைத்ததும் சரியாயிற்று.

இரண்டாம் ஆண்டில் 5 கிகாஹெர்ட்ஸ் திடீர் திடீரென்று ஒரு நிமிடம் மறைந்து திரும்பியது. ரவுட்டரின் பதிவேட்டில் ரேடார் என்ற சொல்லைப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. 52இலிருந்து மேலுள்ள பல சேனல்களை வானிலை ரேடார் முதலியவையும் பயன்படுத்துகின்றன; ரேடார் சமிக்ஞை கேட்டால் ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு விலகியே ஆக வேண்டும், இதே வகைச் சேனல் இன்னொன்றுக்குப் போவதானால் குறைந்தது 60 வினாடி கேட்டுப் பார்த்த பிறகே பேசலாம். தானியங்கித் தேர்வை நிறுத்திவிட்டு, 52க்குக் கீழான 36ஆம் சேனலில் வைத்தேன். பிறகு அந்தத் தொல்லை இல்லை.

வேகம் எல்லாம் சரியாகியும் மனைவியின் அழைப்புகளில் குரல் உடைவது நிற்கவில்லை. அதை வேகச் சோதனை காட்டவே காட்டாது. ஒரு பொட்டலம் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் பிங் சோதனையை ஓடவிட்டுப் பார்த்தேன்: சும்மா இருக்கும்போது 12 மில்லிவினாடி, என் கைப்பேசி படங்களை மேகச் சேமிப்பகத்துக்கு ஏற்றத் தொடங்கியதும் 380. மேலேற்றத்தின் பொட்டலங்கள் ரவுட்டரில் நீண்ட வரிசை கட்டி நிற்க, குரலும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. பஃபர்புளோட் என்று இதற்குப் பெயர். ரவுட்டரில் எஸ்க்யூஎம் என்ற வரிசை மேலாண்மையை இயக்கி, மேலேற்ற வேகத்தை உண்மையான அளவில் 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தினேன். ஏற்றம் நடக்கும்போதும் பிங் 25ஐத் தாண்டவில்லை. இறக்கத்துக்கும் சேர்த்து இயக்கியபோது ரவுட்டரின் பிராசஸர் திணறி வேகம் 300க்கு விழுந்தது. ஆகவே மேலேற்றத்துக்கு மட்டும் விட்டுவைத்தேன். 500ஐவிட இந்த 25தான் எங்கள் வீட்டு அன்றாடத்தை மாற்றியது.

சென்ற ஆண்டு அப்பா வீட்டில் எந்தக் கருவியிலும் இணைப்பு வேகம் 54ஐத் தாண்டவில்லை. 54 என்றதும் பாதுகாப்பு அமைப்பைத் திறந்தேன்: பழைய டபிள்யூபிஏ, டிகேஐபி. அந்தக் குறியாக்கத்தோடு வைஃபை 4இன் வேகங்களைப் பயன்படுத்தத் தரமே அனுமதிப்பதில்லை; அதற்கு முந்தைய தலைமுறையின் உச்சமான 54இலேயே நிற்கும். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றினேன். மறு நிமிடம் அப்பாவின் கைப்பேசியில் காணொளி அழைப்பு தெளிவாக வந்தது. அந்த முகத்தைப் பார்க்க அங்கே போனதே போதும் என்றிருந்தது.

போன மாதம் மகள் மாடியிலிருந்து இறங்கி வந்து, வேகம் குறைந்துவிட்டது என்றாள். எவ்வளவு என்று கேட்டேன். "94." சேவை நிறுவனத்தையும் கூப்பிடவில்லை, ரவுட்டரையும் அணைத்துப் போடவில்லை, நேரே படிக்கட்டுக் கதவுக்குப் போனேன். புதிதாகப் பொருத்திய கதவின் கீழ் கேபிள் நசுங்கியிருந்தது. அந்தத் துண்டை வெட்டி எடுத்து, புதிய முனைகளைப் பொருத்தி, இணைப்பானால் சேர்த்தேன். அரை மணி நேரத்தில் மாடியில் மீண்டும் 410.