பழைய போன் வெப்கேம், பழைய டேப்லெட் மானிட்டர்: எது உருப்படி, எது வீண்?

அலமாரியில் சும்மா கிடக்கும் போனை வெப்கேமாக்கலாமா என்று கேட்டால், தாராளமாக ஆக்கலாம். டேப்லெட்டை இரண்டாவது மானிட்டராக்கலாமா என்றால், அதில் என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். விண்டோஸ் கணினியும் ஆண்ட்ராய்ட் சாதனமும் வைத்திருப்பவர்கள் முதல் வேலைக்கு ட்ராய்ட்கேம் என்ற ஆப்பையும் இரண்டாவது வேலைக்கு ஸ்பேஸ்டெஸ்க் என்ற ஆப்பையும் முதலில் போட்டுப் பார்க்கலாம். இங்கே பேசுவது பெரும்பாலும் அந்த இரண்டைப் பற்றித்தான்.

லேப்டாப் மூடியின் தடிமனே சில மில்லிமீட்டர்தான். அதற்குள் அடங்க வேண்டிய லென்ஸும் சென்சாரும் மிகச் சிறியவை. வெளிச்சம் குறைந்ததுமே முகம் புள்ளி புள்ளியாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். ஐந்தாறு வருடம் பழைய நடுத்தர விலை போனின் பின்பக்கக் கேமராகூட அதைவிட நன்றாக வெளிச்சம் வாங்கும். பின்பக்கம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். திரையில் தன் முகம் தெரிகிறதே என்று செல்ஃபி கேமராவைப் பயன்படுத்தினால் பாதிப் பலன் போய்விடும்.

ட்ராய்ட்கேமை போனில் ஒன்றும் கணினியில் ஒன்றுமாகப் போட வேண்டும். போனில் திறந்ததும் ஒரு ஐபி முகவரியும் 4747 என்ற போர்ட் எண்ணும் காட்டும். கணினியில் இருக்கும் ட்ராய்ட்கேமில் அவற்றைக் கொடுத்தால் படம் வந்துவிடும். வரவில்லையென்றால் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. போன் ரவுட்டரின் கெஸ்ட் வைஃபையில் இருக்கலாம். அதில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க முடியாது. விண்டோஸ் உங்கள் வீட்டு வைஃபையைப் பப்ளிக் என்று குறித்து, ஃபயர்வாலில் தடுத்திருக்கலாம். அல்லது கணினியில் விபிஎன் ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஆனால் வைஃபையைப் பரிசோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் மீட்டிங் இருப்பவர்களுக்குக் கேபிள்தான் சரி. 2.4 கிகாஹெர்ட்ஸில் பக்கத்து வீட்டு ரவுட்டர், ப்ளூடூத் ஹெட்செட் எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். படம் உறைந்து உறைந்து வரும். கேபிளுக்குச் செய்ய வேண்டியது இதுதான்: செட்டிங்ஸில் அபௌட் போன் பகுதிக்குப் போய் பில்டு நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, போனைக் கணினியில் செருகுங்கள். இந்தக் கணினியை அனுமதிக்கவா என்று போன் திரையில் ஒரு கேள்வி வரும். எப்போதும் அனுமதி என்பதை டிக் செய்துவிட்டு ஓகே கொடுங்கள். கேள்வியே வரவில்லையென்றால் முதலில் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். பவர் பேங்க்கோடு வரும் குட்டிக் கேபிள்கள் பலவற்றில் சார்ஜுக்கான கம்பி மட்டுமே இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. கேபிள் மாற்றியும் வரவில்லையென்றால் போன் கம்பெனியின் ஏடிபி ட்ரைவரைக் கணினியில் போடுங்கள் (ஏடிபி என்பது கேபிள் வழியாகக் கணினி ஆண்ட்ராய்ட் போனோடு பேச உதவும் கருவி). போன் திரையைக் கணினியில் காட்டும் எஸ்சிஆர்சிபிஒய் (scrcpy), ஆப் உருவாக்கப் பயன்படும் ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோ இவற்றில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் மூடிவிடுங்கள். ஒவ்வொன்றும் தன்னுடைய ஏடிபியைக் கூடவே கொண்டுவரும். பதிப்பு வேறாக இருந்தால் ஒன்று மற்றதை வெளியே தள்ளும்.

ட்ராய்ட்கேமை முதலில் ஓடவிட்டு, பிறகு ஜூம், மீட், டீம்ஸ் எதுவோ அதைத் திறந்து கேமராவைத் தேர்ந்தெடுங்கள். வரிசை மாறினால் கறுப்புத் திரை வரலாம். பிரவுசரை முழுதாக மூடித் திறந்தால் சரியாகும். இலவசப் பதிப்பில் சாதாரணத் தெளிவுதான், எச்டி வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும். பத்துப் பேர் கட்டம் கட்டமாகத் தெரியும் மீட்டிங்குக்கு இலவசமே போதும். வகுப்பெடுப்பவர்கள், வீடியோ பதிவு செய்பவர்கள் 720பி-க்குப் போகலாம். 1080பி கொடுத்தாலும் பெரும்பாலான மீட்டிங் செயலிகள் அதைச் சுருக்கித்தான் அனுப்பும். போன் சூடாவதுதான் மிச்சம். ஒலிக்குப் போன் மைக்கைத் தொடவே வேண்டாம். ஹெட்செட்டோ லேப்டாப் மைக்கோ இருக்கட்டும். ட்ராய்ட்கேம் பிடிக்கவில்லையென்றால் ஐரியன் இருக்கிறது. அமைப்பது அதைவிடச் சுலபம். இலவசத்தில் படத்தின் மேல் அதன் பெயர் ஒட்டிக்கொண்டு வரும்.

படத்தில் கிடைக்கோடுகள் மெதுவாக ஓடுகிறதே என்று பலர் ஆப்பைக் குறை சொல்வார்கள். காரணம் மின்சாரம். இந்தியாவிலும் இலங்கையிலும் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி ட்யூப் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கேமரா 60 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற ஷட்டர் வேகத்தில் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் பட்டை பட்டையாகத் தெரியும். ஃப்ளிக்கர் அல்லது ஆண்டிபேண்டிங் அமைப்பு இருந்தால் 50 ஹெர்ட்ஸ் வையுங்கள். ஷட்டரைக் கையால் மாற்ற முடிந்தால் 1/50 அல்லது 1/100. இரண்டும் இல்லாத ஆப்பில், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து பகல் வெளிச்சத்தை முகத்தில் விழவிடுவதுதான் வழி.

பழைய போனுக்கு இருக்கும் ஆகச் சிறந்த வேலை முகம் காட்டுவதல்ல என்பது எங்கள் கருத்து. கணக்கு, வேதியியல், இசைக்குறிப்பு என்று தாளில் எழுதிக் காட்ட வேண்டிய ஆசிரியர்களுக்கு இது டாக்குமெண்ட் கேமராவாக அமையும். மேசை ஓரத்தில் கவ்விக்கொள்ளும் வளையும் ஸ்டாண்டில் போனை மாட்டி, தாளுக்கு மேலே ஓரடி முதல் ஒன்றரை அடி உயரத்தில் கவிழ்த்து நிறுத்துங்கள். இதில் நான்கு தொல்லைகள் வரும், நான்குக்கும் மருந்து உண்டு. கை குறுக்கே வரும்போதெல்லாம் ஃபோகஸ் கைக்கும் தாளுக்கும் இடையே அலையும். தாளைத் தட்டி ஃபோகஸைப் பிடித்ததும் லாக் செய்துவிடுங்கள். வெள்ளைத்தாளைப் பார்த்ததும் கேமரா படத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒரு படி ஏற்றி அதையும் லாக் செய்யுங்கள். போன் படுத்த நிலையில் இருக்கும்போது எது மேல்பக்கம் என்று அதன் சென்சாருக்குத் தெரியாது, படம் திடீரென்று திரும்பிக்கொள்ளும். போனில் ஆட்டோ ரொட்டேட்டை நிறுத்திவிட்டு, ஆப்பில் இருக்கும் திருப்பும் பொத்தானால் ஒருமுறை சரிசெய்யுங்கள். நான்காவது, எழுத எழுத மேசை ஆடும், படமும் கூடவே ஆடும். ஸ்டாண்டை எழுதும் மேசையில் மாட்டாமல் பக்கத்து அலமாரியிலோ தனி ட்ரைபாடிலோ மாட்டினால் ஆட்டம் நின்றுவிடும். எழுத்து உங்களுக்குக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறித் தெரிந்தால் பதற வேண்டாம். ஜூம் உங்கள் படத்தை உங்களுக்கு மட்டும் அப்படிக் காட்டுகிறது. மாணவர்களுக்கு நேராகத்தான் தெரியும்.

எதையும் போடாமலே வேலை முடியும் வசதி உள்ளவர்களும் உண்டு. பிக்சல் 6 முதலான பிக்சல் போன்களில் ஆண்ட்ராய்ட் 14 இருந்தால் கேபிளைச் செருகி, யூஎஸ்பி அறிவிப்பைத் தட்டி, வெப்கேம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கணினி அதைச் சாதாரண யூஎஸ்பி கேமராவாகவே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 11-இல் மொபைல் டிவைசஸ் பகுதி வழியாகவும் ஆண்ட்ராய்ட் போனை வயரில்லாமல் கேமராவாக்கலாம். மேக்கில் மேக்ஓஎஸ் வென்ச்சுராவும் போனில் ஐஓஎஸ் 16-உம் அல்லது அவற்றுக்குப் பிந்தைய பதிப்புகளும் இருந்தால், ஐபோன் எக்ஸ்ஆர் முதலான போன்களை ஆப்பிளின் கன்டினியூட்டி கேமரா வசதி வெப்கேமாக்கிவிடும். இரண்டிலும் ஒரே ஆப்பிள் கணக்கு இருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஐபோன்காரர்கள் காமோ என்ற ஆப் பக்கம் போகலாம்.

இனி டேப்லெட். ஸ்பேஸ்டெஸ்க் செய்வது என்ன என்று புரிந்துகொண்டால் எதிர்பார்ப்பு சரியான அளவில் இருக்கும். விண்டோஸுக்குள் இல்லாத ஒரு மானிட்டரை இருப்பதாக உருவாக்கி, அதன் படத்தைச் சுருக்கி, நெட்வொர்க் வழியாக டேப்லெட்டுக்கு வீடியோவாக அனுப்புகிறது. ஆகவே அசையாத படம் அருமையாக இருக்கும், அசைவது பின்தங்கி வரும். பிடிஎஃப், அரட்டைப் பெட்டி, மீட்டிங் பங்கேற்பாளர் பட்டியல், கோட் பக்கத்தில் திறந்துவைக்கும் ஆவணம் இவற்றுக்கு நல்ல பொருள். வீடியோ எடிட்டிங், கேம் இரண்டுக்கும் வீண். மவுஸே அரை நொடி கழித்து நகர்வதுபோல இருந்தால் வைஃபை நெரிசல்தான் பெரும்பாலும் காரணம்.

கணினியில் அதன் ட்ரைவர், டேப்லெட்டில் அதன் வியூவர் ஆப். வியூவரைத் திறந்ததும் கணினியின் பெயர் வரும், தட்டினால் இணைந்துவிடும். பிறகு விண்டோஸ் பொத்தானோடு பி-யை அழுத்தி எக்ஸ்டெண்ட் கொடுங்கள். 10 அங்குல டேப்லெட்டில் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அந்தத் திரைக்கு மட்டும் ஸ்கேலை 150 சதவீதம் ஆக்குங்கள். சொந்த உபயோகத்துக்கு இலவசம், வணிக உபயோகத்துக்கு உரிமம் வாங்க வேண்டும். டேப்லெட் தொடுதிரையாகவும் வேலை செய்வது கூடுதல் லாபம். கேபிள் வழியாக இணைக்கக் கணினியில் உள்ள அதன் கன்சோலில் ஆண்ட்ராய்ட் யூஎஸ்பி கேபிளை ஆன் செய்ய வேண்டும். அது சரிவராத டேப்லெட்டில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்து பாருங்கள். கேபிள் மேலேயே ஒரு குட்டி நெட்வொர்க் உருவாகும், ஸ்பேஸ்டெஸ்க் அதில் ஓடும். சிம் போட்ட டேப்லெட் என்றால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் கணினியின் அப்டேட் எல்லாம் உங்கள் டேட்டாவைக் குடித்துவிடும்.

சாம்சங் டேப் எஸ்7 முதலான எஸ் வரிசை டேப்லெட்களில், டேப்லெட்டை மானிட்டராக்கும் செகண்ட் ஸ்க்ரீன் வசதி உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் பொத்தானோடு கே அழுத்தி இணைத்தால் போதும். மேக் வைத்திருப்பவர்களுக்கு 2019-இல் மேக்ஓஎஸ் கேட்டலினாவோடு வந்த, ஐபேடை இரண்டாவது திரையாக்கும் சைட்கார் வசதிதான் முதல் தேர்வு, ஐபேட் ஆறாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும்.

கடைகளில் டைப்-சி டூ எச்டிஎம்ஐ கேபிள் வாங்கி, லேப்டாப்பின் எச்டிஎம்ஐயை டேப்லெட்டின் சார்ஜ் ஓட்டையில் செருகி ஏமாறுபவர்கள் ஏராளம். அந்த ஓட்டை படத்தை வெளியே அனுப்பலாம், உள்ளே வாங்காது. அதற்கு எச்டிஎம்ஐ படத்தை யூஎஸ்பி கேமரா படமாக மாற்றும் எச்டிஎம்ஐ கேப்ச்சர் டாங்கிள் வேண்டும். சாதாரணமானது ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ டாங்கிளுக்கு, டாங்கிளிலிருந்து ஓடிஜி (டேப்லெட்டில் யூஎஸ்பி கருவிகளைச் செருக உதவும் இணைப்பான்) வழியாக டேப்லெட்டுக்கு, டேப்லெட்டில் யூஎஸ்பி கேமரா காட்டும் ஒரு ஆப். ஐபேடில் டைப்-சியும் ஐபேட்ஓஎஸ் 17-உம் இருந்தால் இதே வேலை நடக்கும். அலுவலக லேப்டாப்பில் எதையும் இன்ஸ்டால் செய்ய அனுமதி இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, ஏனென்றால் லேப்டாப்புக்கு அது வெறும் மானிட்டர். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினிக்கும் அப்படியே. பாதுகாப்புப் பூட்டுள்ள ஓடிடி படங்கள் மட்டும் கறுப்பாகத் தெரியும்.

இரண்டு வேலைக்கும் பொதுவான எதிரி சூடு. யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3 போர்ட் 900 மில்லிஆம்பியர் தரும்படி அமைந்தவை. கேமராவும் திரையும் சேர்ந்து ஓடும்போது அது போதாமல், செருகியிருந்தும் சார்ஜ் இறங்கும். நீல நிற (யூஎஸ்பி 3) போர்ட்டிலோ டைப்-சியிலோ செருகுங்கள், கவரைக் கழற்றுங்கள், பிரகாசத்தைக் குறையுங்கள். நாள் முழுக்க 100 சதவீதத்தில் சூடாக இருக்கும் லித்தியம் பேட்டரி சீக்கிரம் உப்பும். சாம்சங்கில் 85 அல்லது 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது, அதை ஆன் செய்யுங்கள். மற்றவற்றில் வேலை முடிந்ததும் கேபிளை உருவிவிடுங்கள், யூஎஸ்பி டீபக்கிங்கையும் அணைத்துவிடுங்கள். அப்டேட் நின்றுபோன போன் என்றால் ஃபேக்டரி ரீசெட் செய்து, வங்கி ஆப் எதுவும் இல்லாமல் வையுங்கள். பின்மூடி லேசாக மேலெழுந்தாலோ திரையின் ஓரம் பிரிந்தாலோ அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், மறுபடி சார்ஜும் போடாதீர்கள். அந்தப் போன் போக வேண்டிய இடம் மின்கழிவு வாங்குபவரிடம்தான்.