எச்சரிக்கை: சர்க்கரைக்கும் முழங்கால் வலிக்கும் ஒரே கேப்சூல் என்று நம்பி இரண்டு மாதச் சம்பளத்தை இழந்தேன்

சர்க்கரையும் மூட்டுத் தேய்மானமும் சேர்ந்தே இருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். நேற்று சாயங்காலம்தான் அந்தக் கேப்சூலை விற்றவர்களிடமிருந்து கடைசிப் பதில் வந்தது. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். அதற்குள் இன்னும் நாலு பேர் பணம் கட்டிவிடுவார்கள் என்று தோன்றியது, அதனால் இப்போதே எழுதுகிறேன்.

போனது இரண்டு மாதச் சம்பளம். முழுச் சம்பளம், இரண்டு மாதம்.

எனக்கு 11 வருடமாகச் சர்க்கரை. முழங்கால் இரண்டிலும் தேய்மானம், வலது பக்கம் அதிகம். சர்க்கரை டாக்டரிடம் முழங்காலைப் பற்றிச் சொன்னால் எலும்பு டாக்டரைப் பாருங்கள் என்பார். எலும்பு டாக்டரோ, முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள் என்பார். நடந்தால் சர்க்கரை குறையும், ஆனால் நடந்தால்தானே முழங்கால் வலிக்கிறது? வலிக்கிறது என்று உட்கார்ந்தால் எடை ஏறும், சர்க்கரையும் ஏறும். பல வருடம் இதிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். அவர்கள் வந்து பிடித்ததும் இந்த இடத்தில்தான்.

போனில் வந்த ஒரு விளம்பரம். ஆன்லைனில் சிகிச்சைத் திட்டம் விற்கிறவர்கள். 'உங்கள் முழங்காலைத் தேய்ப்பது வயது இல்லை, சர்க்கரை' என்று போட்டிருந்தது. நம்பரைக் கொடுத்தேன், பத்து நிமிடத்தில் ஒரு பெண் கூப்பிட்டார். ஆலோசகர் என்றார். "அம்மா, மாடிப்படி ஏறும்போது வலியா, இறங்கும்போதா? காலையில் எழுந்ததும் முட்டி எவ்வளவு நேரம் இறுக்கமாக இருக்கிறது? பாதத்தில் எரிச்சல் உண்டா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இத்தனை வருடத்தில் இரண்டு நோயையும் ஒன்றாக வைத்து என்னிடம் யாரும் பேசியதில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார். "நான் உங்க பொண்ணு மாதிரிம்மா, கவலைப்படாதீங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அழைப்பு முடிவதற்குள்ளேயே பணத்தை அனுப்பிவிட்டேன். 90 நாள் கோர்ஸ், தவணை கிடையாது, இரண்டு மாதச் சம்பளம் ஒரே தட்டில்.

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் எனக்கு இப்போதும் ஆறவில்லை. ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் கூடுதலாக இருந்தால் அது மூட்டுக் குருத்தெலும்பில் இருக்கும் கொலாஜன் என்ற புரத நாரிலும் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டி உருவாவதை ஏஜிஇ என்று சொல்கிறார்கள். நார் விறைத்துப்போய், வளைந்து கொடுக்கும் தன்மை குறையும். லேசான அழற்சியும் உடம்பில் ஓயாமல் இருந்துகொண்டே இருக்கும். சர்க்கரைக்காரர்களுக்குத் தேய்மானம் அதிகம் வருவதற்கு எடை மட்டும் காரணமா, இதற்கும் பங்கு உண்டா என்று ஆராய்ச்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பெண் இதையெல்லாம் அழகாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "எங்கள் கேப்சூல் அந்தச் சர்க்கரையைக் கழுவி எடுத்துவிடும்" என்று முடித்தார். அந்தக் கடைசி வாக்கியம் பொய்.

பார்சல் வந்தது. மூன்று பாட்டில், ஒரு எண்ணெய். நாலாவது நாள் வலி போய்விட்டது. குறையவில்லை, போயே விட்டது. வருடங்களுக்குப் பிறகு கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி இறங்கினேன். தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னேன், இரண்டு பேர் என்னைக் கேட்டுவிட்டு ஆர்டரும் போட்டார்கள். அவர்களிடம் இப்போது எந்த முகத்தோடு பேசுவது?

என் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தேன். காலை வெறும் வயிற்றில் மட்டும் சர்க்கரை பார்த்தால் போதும் என்றார்கள். அது 150 பக்கம் நின்றது. மூன்றாவது வாரம் தாகம் தாங்கவில்லை, ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தேன். 342. கருவிதான் கெட்டுவிட்டது என்று புது பட்டையில் மறுபடி குத்தினேன். 338.

உடனே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "உடம்பில் தேங்கிய சர்க்கரை வெளியே வருதும்மா, நல்ல அறிகுறி" என்றார். அடுத்த வாரம் கூப்பிட்டபோது வேறு ஒருவர் எடுத்தார், அந்தப் பெண் விடுப்பில் இருக்கிறார் என்றார். அதற்கடுத்த வாரம், "நீங்கள் உணவுக் கட்டுப்பாட்டை மீறியிருப்பீர்கள்". பிறகு போனை எடுப்பதே நின்றுபோனது. புகார் எண் என்று ஒன்று மெசேஜில் வரும், மறுநாளே 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று இன்னொன்று வரும். யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள்?

ஏழாவது வாரம் மூக்குக்கண்ணாடியின் காம்பு இரண்டு நெற்றிப்பொட்டிலும் அழுந்திக் குழி விழ ஆரம்பித்தது. கண்ணாடி அதே கண்ணாடிதான், முகம் உப்பியிருந்தது. பாட்டிலை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் பாட்டிலைப் பார்க்கும் முன்பே என் முகத்தைப் பார்த்து, "ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார்.

வலியைச் சட்டென்று அடக்கும், முகத்தை உப்பவைக்கும் மருந்து அது. காலை நேரக் கார்டிசோல் (உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டு) பரிசோதனை எடுத்தார். மிகவும் குறைவு. கேப்சூல் வழியாக வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால், அதைச் சுரக்கும் என் அட்ரினல் சுரப்பி வேலையை நிறுத்திவிட்டது என்றார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 0.9-இலிருந்து 1.5-க்குப் போயிருந்தது, அதனால் வலி மாத்திரையும் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.4 இருந்தது, இப்போது 9.6. தொடைத் தசையும் மெலிந்துவிட்டது. முழங்காலைத் தாங்குவதே அந்தத் தசைதான். வலி தெரியாமல் ஏறி இறங்கிய அந்த ஏழு வாரமும் மூட்டு தேய்ந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

இது எனக்கு மட்டும் நடந்ததும் இல்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022-இல், மூட்டு வலிக்கு என்று விற்ற சில சத்து மாத்திரைகளில் லேபிளில் சொல்லாத டெக்ஸாமெத்தசோனும் டைக்ளோஃபெனாக்கும் இருந்ததாக எச்சரித்திருக்கிறது. ஒன்று ஸ்டீராய்டு, மற்றது வலி மாத்திரை. முன்னது சர்க்கரையை ஏற்றும், பின்னது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சர்க்கரைக்காரர்களுக்கு இதைவிட மோசமான ஜோடி எது?

டாக்டர் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். குருத்தெலும்பில் இருக்கும் கொலாஜனில் பாதி புதுசாக மாறவே 100 வருடத்துக்கு மேல் ஆகுமாம். "அதில் ஒட்டினதை 90 நாளில் எப்படியம்மா கழுவுவார்கள்?" என்றார். இந்த ஒரு கேள்வி எனக்கு முன்பே தெரிந்திருந்தால் இரண்டு மாதச் சம்பளம் வீட்டில் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து பாட்டில் லேபிளை நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். அடியில் இன்னொரு லேபிள், அதில் வேறு பெயர். இரண்டிலுமே தயாரித்தவர் முகவரி இல்லை, தொகுதி எண் இல்லை. படம் எடுத்து அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். நேற்று வந்த அந்தக் கடைசிப் பதில்: 'திறந்த பாட்டிலுக்குப் பணம் திருப்பித் தரப்படாது. அடுத்த கோர்ஸுக்கு 20 சதவீதம் தள்ளுபடி தருகிறோம்.' இரண்டு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, சுரப்பியைத் தூங்கவைத்துவிட்டு, தள்ளுபடி தருகிறார்கள்!

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அவசரமாகச் சில மட்டும்:

நாலைந்து நாளில் வலி மாயமாக மறைந்தால் சந்தோஷப்படாதீர்கள், சாப்பிட்ட பிறகு சர்க்கரை பாருங்கள். வெறும் வயிற்றுக் கணக்கு ஏமாற்றும்.

இப்படி ஒன்றை வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் பயத்தில் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், சுரப்பி தூங்கிக்கொண்டிருக்கும்போது அது ஆபத்து. அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். எனக்கு அளவு தெரிந்த ஸ்டீராய்டைக் கொடுத்து வாரா வாரம் குறைத்துக்கொண்டு வருகிறார்கள்.

டாக்டரே முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் சில நாள் சர்க்கரை ஏறும். முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை மாத்திரையைக் குறைக்கச் சொல்லும் எந்த ஆலோசகரிடமும் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை சுமார் 4 கிலோ குறையும் என்றார் டாக்டர். நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை நீட்டித் தொடைக்குப் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார், செய்கிறேன். இதற்குக் காசு ஆகவில்லை.

மீதி இருக்கும் கேப்சூலைக் குப்பையில் போடாதீர்கள். பாட்டில், பில், மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குப் புகார் எழுதப்போகிறேன். என்னைக் கேட்டு ஆர்டர் போட்ட இரண்டு பேருக்கும் முதலில் போன் செய்ய வேண்டும். இப்போதே செய்கிறேன்.