சான்றிதழ் உண்மையானது, கல்தான் வேறு

வைரம் வாங்குகிறவர்கள் பொதுவாகப் போலிச் சான்றிதழுக்குத்தான் அஞ்சுகிறார்கள். எனக்கு விற்கப்பட்ட மோதிரத்துடன் வந்த சான்றிதழ் போலியன்று. பெயர்பெற்ற ஓர் ஆய்வகம் வழங்கியது அது. அதன் எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் இட்டால், தாளில் உள்ள விவரங்கள் ஓரெழுத்தும் பிசகாமல் திரையில் வந்து நிற்கின்றன. ஆனால் அந்தச் சான்றிதழ் விவரிக்கும் வைரம் மோதிரத்தில் இல்லை. எடையிலும் தரத்திலும் தாழ்ந்த வேறொரு கல் அதன் பெயரில் ஆள்மாறாட்டம் செய்திருந்தது. இது எப்படி நடக்கிறது, சான்றிதழின் எந்த வரிகள் இதைக் காட்டிக்கொடுக்கும் என்பதைப் பிறர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். விவகாரம் இன்னும் முடியவில்லையாதலால் கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

சான்றிதழ் கூறுவது இது: வட்ட வடிவ வைரம், எடை 1.01 காரட்; நிறம் ஜி; தெளிவு வி.எஸ்.1, அதாவது உள்ளே மிகச் சிறிய களங்கங்கள் மட்டுமே; பட்டை தீட்டிய தரம் எக்ஸலண்ட், அளவு 6.42 முதல் 6.46 மில்லிமீட்டர் விட்டம், 3.98 மில்லிமீட்டர் உயரம்; புற ஊதா ஒளியில் ஒளிர்வு இல்லை; கர்டில் எனப்படும் இடைவிளிம்பில் அறிக்கை எண், அதாவது சான்றிதழின் எண், லேசரால் பொறிக்கப்பட்டுள்ளது. விற்பனையாளர் எடை, நிறம், தெளிவு, பட்டை ஆகிய நான்கையும் மிகப் பொறுமையாக விளக்கினார். நிறத்தின் தரவரிசை டி என்ற எழுத்தில் தொடங்கி இசட் வரை செல்வதையும், ஜி என்பது ஏறத்தாழ நிறமற்றது என்ற பிரிவின் முதல் படி என்பதையும், தெளிவு 10 மடங்கு உருப்பெருக்கத்தில் கணிக்கப்படுவதையும் அவர் சொன்னதில் பிழையே இல்லை. எஞ்சிய வரிகளை மட்டும் அவர் தொடவில்லை.

அந்த நான்கும் விலையை நிர்ணயிக்கின்றன. கல்லை அடையாளம் காட்டுவதில்லை. ஜி நிறமும் வி.எஸ்.1 தெளிவும் கொண்ட ஒரு காரட் கற்கள் உலகில் ஏராளமாக இருக்கின்றன. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை தரப்பட்டுள்ள அளவுகள், கர்டில் பொறிப்பு, உள்ளிருக்கும் களங்கங்களின் வரைபடம், ஒளிர்வு பற்றிய குறிப்பு ஆகியவையே இந்தத் தாள் இந்தக் கல்லுக்குரியதுதானா என்ற கேள்விக்கு விடை தருகின்றன. அவை பெரும்பாலும் தாளின் ஓரங்களில் சிறிய எழுத்தில் இருப்பதால் எவரும் படிப்பதில்லை.

மோதிரம் சற்று இறுக்கமாக இருந்ததால், அளவைப் பெரிதாக்க இரத்தினக்கல் ஆய்வில் பயிற்சி பெற்ற ஒரு பொற்கொல்லரிடம் கொடுத்தேன். அவர் எந்தக் கல்லைக் கையில் வாங்கினாலும் வேலை தொடங்குமுன் நீண்ட அலைப் புற ஊதா விளக்கின் கீழே பார்த்து எழுதிவைத்துக்கொள்ளும் வழக்கமுடையவர். விளக்கின் கீழே கல் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தது. ஒளிர்வது குறையன்று; அமெரிக்க இரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ. கூறுகிறபடி இயற்கை வைரங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை ஏதோ ஓர் அளவில் ஒளிரக்கூடியவை. ஆனால் சான்றிதழ் ஒளிர்வு இல்லை என்கிறது. இவ்வளவு வலுவான ஒளிர்வை ஆய்வகம் கவனியாமல் விட்டிருக்க வாய்ப்பில்லை.

அவர் அதற்குமேல் கை வைக்கவில்லை. ஒளிர்வைக் காணொளியாகப் பதிவு செய்துகொண்டு கடைக்குத் தெரிவித்தேன். கல்லைக் கழற்றும்போது தங்கள் தரப்பில் ஒருவரை அனுப்புமாறு எழுத்துமூலம் கேட்டேன். எவரும் வரவில்லை. சாட்சி ஒருவர் முன்னிலையில், கேமரா இடையில் நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டிருக்க, கல் கழற்றப்பட்டது. விட்டம் 6.20, உயரம் 3.80 மில்லிமீட்டர். எடை 0.89 காரட். கர்டிலைச் சுற்றிலும் லென்ஸ் வைத்துத் தேடியும் எந்த எண்ணும் இல்லை. பின்னர் சான்றிதழ் வழங்கிய அதே ஆய்வகத்துக்குக் கல்லை அனுப்பியதில், இயற்கை வைரம், நிறம் ஜே (ஜியைவிட மூன்று படி கீழே), தெளிவு எஸ்.ஐ.1 (வி.எஸ்.1ஐவிட இரண்டு படி கீழே), வலுவான நீல ஒளிர்வு என்று புதிய அறிக்கை வந்தது.

கல் பதித்திருந்த விதத்தையும் சொல்ல வேண்டும். கவ்விகள் இல்லாமல், சுற்றிலும் உலோக விளிம்பு மூடிய கட்டாக அந்த மோதிரம் செய்யப்பட்டிருந்தது. அழகான, பாதுகாப்பான கட்டுதான். ஆனால் அது கர்டில் முழுவதையும் மறைத்துவிடுவதால், பொறிப்பைப் படிக்கவும் முடியாது, விட்டத்தைத் துல்லியமாக அளக்கவும் முடியாது, ஓரத்தில் இருந்த களங்கத்தைப் பார்க்கவும் முடியாது. மஞ்சள் தங்கமாதலால் கல்லின் இலேசான மஞ்சள் சாயலும் தங்கத்தின் நிறத்தோடு கலந்துவிட்டது. பதித்த நிலையில் சோதிக்கப்படும் கல்லின் எடை, அளவுகளைக் கொண்டு செய்யும் மதிப்பீடு மட்டுமே என்பதும், நிறமும் தெளிவும்கூட உலோகம் அனுமதிக்கும் அளவுக்கே கணிக்கப்படும் என்பதும் இதனால்தான். மூடிய கட்டில் கல்லை வாங்குகிறவர்கள், பதிக்குமுன் அதைத் தனியாகப் பார்ப்பதைத் தவிர வேறு உறுதியான வழி இல்லை.

கல் கவ்விகளில் இருந்தால் ஒரு கணக்கு உதவும். வட்ட வைரத்தின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி, உயரத்தாலும் பெருக்கி, வந்த தொகையை 0.0061 ஆல் பெருக்கினால் காரட் எடை ஏறத்தாழக் கிடைக்கும். சான்றிதழில் உள்ள அளவுகளுக்கு இது 1.01ஐ ஒட்டி வருகிறது. என் கல்லின் அளவுகளுக்கு 0.89 வருகிறது. கர்டில் மிகத் தடிமனாக இருந்தால் சிறிது மாறும் என்றாலும், பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வித்தியாசத்தை இது மறைக்காது. ஒரு காரட் என்ற எல்லையைத் தாண்டும்போது காரட் ஒன்றுக்கான விலையே ஏறிவிடுகிறது என்பதால், 0.12 காரட் குறைவு என்பது வெறும் 12 விழுக்காட்டு நட்டமன்று. நிறத்திலும் தெளிவிலும் இறங்கிய படிகள் தனிக்கணக்கு.

கடையில் என் முன்னால் ஒரு கருவியைக் கல்லில் தொட்டு ஒலி எழுப்பிக் காட்டினார்கள். அந்தக் கருவி கல் வெப்பத்தை எவ்வளவு விரைவாகக் கடத்துகிறது என்பதை மட்டும் சொல்லும். ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட வைரத்துக்கும் அது ஒலிக்கும். மாய்சனைட் என்ற வேறு கல்லுக்கும் ஒலிக்கக்கூடும். கல்லின் தரத்தைப் பற்றியோ, எந்தச் சான்றிதழுக்கு உரியது என்பதைப் பற்றியோ அந்த ஒலிக்கு ஒன்றும் தெரியாது. கர்டில் பொறிப்பையும் தனியாக நம்புவதற்கில்லை. இயற்கை வைரத்துக்குரிய அறிக்கை எண்ணைப் போலியாகப் பொறித்த, ஆய்வகத்தில் வளர்த்த கற்கள் தன்னிடம் வந்ததாக ஜி.ஐ.ஏ.யே 2021இல் எச்சரித்தது. பொறிப்பு, அளவு, எடை, ஒளிர்வு ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். சிறு கற்களுக்கு வழங்கப்படும் சுருக்கமான அறிக்கைகளில் களங்க வரைபடம் இருப்பதில்லை என்பதால், அங்கே இந்தப் பொருத்தம் இன்னும் முக்கியமாகிறது.

கடையின் முதல் பதில், தரம் என்பது ஆய்வாளருக்கு ஆய்வாளர் மாறும் என்பது. நிறத்திலோ தெளிவிலோ ஒரு படி முன்பின்னாக வருவதுண்டு. அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் எடை கருத்துக்கு உட்பட்டதன்று. அணிந்திருக்கும்போது வைரம் தேய்ந்து கால் மில்லிமீட்டர் குறுகுவதும் இல்லை. இதைச் சொன்ன பிறகு பதில் மாறியது: கல் என்னிடம் இருந்தபோது மாற்றப்பட்டிருக்கலாம் என்றார்கள். அவர்கள் கொடுத்த இரசீதில் “வைர மோதிரம் ஒன்று, சான்றிதழுடன்” என்று மட்டுமே இருக்கிறது. அறிக்கை எண்ணும் இல்லை, கல்லின் எடையும் இல்லை. இந்த வாசகம் தற்செயலானது என்று இப்போது என்னால் நம்ப முடியவில்லை. வாங்குகிறவர்கள் அறிக்கை எண், காரட் எடை, மில்லிமீட்டர் அளவுகள், இயற்கையா வளர்த்ததா என்ற விவரம் ஆகியவற்றை இரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற இடத்தில் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மாற்றாக வேறொரு நகையைத் தருவதாகச் சொன்னார்கள். மதிப்பைத் தாங்களே நிர்ணயிப்பதாகவும் சொன்னதால் மறுத்துவிட்டேன். அந்த அறிக்கை எண்ணுக்குரிய 1.01 காரட் கல் அவர்களிடம் எப்போது வந்தது, யாருக்கு எந்த நகையில் விற்கப்பட்டது என்பதைக் காட்டும் இருப்புப் பதிவேட்டின் நகலைக் கேட்டு, கடைக்கு எதிராக நான் கொடுத்துள்ள புகாரில் சேர்த்திருக்கிறேன். அதை இதுவரை அவர்கள் தரவில்லை.